ஈரம் இருக்கிறது, வெளிச்சம் எங்கே?

சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் குளியலறை வீட்டுக்குள் வந்து அதிக காலமாகவில்லை. அதற்கு முன் புறக்கடையில் தென்னந்தடுக்கு கட்டியோ பலகைக்கல் நட்டோ மறைத்த இடத்தில் குளித்தார்கள். அங்கிருந்து ஓடிய தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும் கல்வாழைக்கும் போனது. குளியலும் வெளியே, செடியும் வெளியே என்பதால் எந்தச் செடியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியே எழவில்லை. இன்று படுக்கையறையோடு ஒட்டிய பாத்ரூம், ஆள் உயரத்துக்கு மேல் டைல்ஸ், உச்சியில் ஒரு வென்டிலேட்டர் என்று ஆகிவிட்டது. அந்த அறைக்குள் ஒரு பச்சையைக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்ற ஆசையும் கூடவே வந்திருக்கிறது.

ஆசைக்கு வழிகாட்டுவது பெரும்பாலும் கைபேசியில் சுற்றும் பட்டியல்கள்தான். பாஸ்டன் ஃபெர்ன், ஆர்க்கிட், ஐவி, கலாத்தியா, கற்றாழை என்று வரிசையாக வரும். இவை குளிர்நாட்டு வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலம் முழுக்க வீட்டைச் சூடாக்குவார்கள், உள்காற்று காய்ந்துபோகும். தினமும் வெந்நீர் ஷவர் ஓடும் குளியலறை ஒன்றுதான் ஈரமாக இருக்கும். ஜன்னலும் பல வீடுகளில் பெரிதாக இருக்கும். ஈரத்தை விரும்பும் செடியை அங்கே வைக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து அம்மாப்பேட்டையிலோ ராசிபுரத்திலோ ஒரு வீட்டில் பொருத்தினால் பாதிக்கு மேல் தவறிப்போகும். கற்றாழையை வெயிலில்லாத அறையில் வைக்கச் சொல்வது எந்த ஊருக்கும் பொருந்தாது என்பது தனிக்கதை.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில், சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை என்று சுற்றிலும் மலைகள் சூழ உட்கார்ந்திருக்கும் ஊர். மார்ச் முதல் மே வரை வெயில் 38, 40 பாகை என்று போகும். அந்த மாதங்களில் மதியத்துக்கு மேல் காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். வெந்நீர் ஆவி என்பது மார்கழி, தை மாதங்களில் கீசர் போடும்போது மட்டும்தான். மற்ற நாளெல்லாம் பக்கெட்டில் பிடித்த பச்சைத் தண்ணீர். அதுவும் மொட்டைமாடித் தொட்டியில் மதியம் கொதித்துக் கிடந்த தண்ணீர். சித்திரையில் குளித்து முடித்த ஒரு மணி நேரத்தில் தரை காய்ந்துவிடுகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் இன்னும் சீக்கிரம். ஆக, நம் குளியலறை எப்போதும் ஈரமாக இருக்கும் இடம் அல்ல. காலையும் மாலையும் நனைந்து காயும் இடம். அப்படி இருந்தும் கோடையில் வீட்டின் மற்ற அறைகளைவிட அங்கே ஈரம் கொஞ்சம் கூடுதல்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம், சுவரே வியர்க்கும்.

உண்மையான தட்டுப்பாடு வெளிச்சத்தில். இரண்டடிக்கு ஒன்றரை அடி வென்டிலேட்டர், அதில் சொரசொரப்பான லூவர் கண்ணாடி, அதற்கு வெளியே மூன்றடிச் சந்து, சந்துக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சுவர். கோடை நண்பகலில் வெட்டவெளியில் சுமார் 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். குறைந்த வெளிச்சத்துச் செடிகள் என்று தோட்டக்கலைக்காரர்கள் வகைப்படுத்துபவற்றுக்கே ஏறத்தாழ 250 முதல் 800 லக்ஸ் வரை, அதுவும் நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், வேண்டும். மேலே சொன்ன வென்டிலேட்டருக்குக் கீழே தரையில் வைத்த தொட்டிக்கு அதில் ஒரு பங்கு கூடக் கிடைக்காது. நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் அறை வெளிச்சமாகத்தான் தெரியும். அதை நம்ப முடியாது. கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இருக்கிறது, தோராயமாகக் காட்டும். அதுவும் வேண்டாம் என்றால் பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்கைப் போடாமல், செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து அதற்கு மேல் ஓரடி உயரத்தில் கையை நீட்டுங்கள். நிழலின் ஓரம் மங்கலாகவாவது தெரிந்தால் சில செடிகள் பிழைக்கும். நிழலே விழவில்லை என்றால் அந்த இடத்தில் எதுவும் வளராது.

“எங்க வச்சாலும் வருங்க, கவலைப்படாதீங்க” என்று நர்சரியில் சொல்வது பொய்யும் அல்ல, மெய்யும் அல்ல. நல்ல வெளிச்சத்தில் வளர்ந்து வந்த செடியின் தண்டிலும் கிழங்கிலும் மாவுச்சத்து சேர்ந்திருக்கும். இருட்டில் வைத்தால் அது அந்தச் சேமிப்பை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு மூன்று மாதம் பச்சையாக நிற்கும். நாமும் வளர்கிறது என்று நினைப்போம். பிறகு அடி இலை மஞ்சளாகும், அடுத்தது சரியும். வெளிச்சம் குறைந்தால் செடி உறிஞ்சும் தண்ணீரும் குறையும், மண் காயாது, காற்றில்லாமல் வேர் அழுகும். குளியலறையில் மக்கு கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பதால் போகிற வருகிற ஆளெல்லாம் ஆளுக்கொரு வாய் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். பாத்ரூம் செடிகள் வாடிச் சாவதில்லை, மூழ்கித்தான் சாகின்றன.

ஈர நிழலில் செடி வளர்ப்பது நமக்குப் புதிய வித்தை அல்ல. பரமத்தி வேலூர், பொத்தனூர், பாண்டமங்கலம் பக்கம் காவிரிக் கரையில், ராஜா வாய்க்கால் பாசனத்தில் தலைமுறை தலைமுறையாக வெற்றிலைக் கொடிக்கால் நடக்கிறது. கொடிக்காலுக்குள் நுழைந்தாலே வெளியில் அடிக்கும் வெயில் மறந்துபோகும். காற்று கனத்துக் குளிர்ந்திருக்கும். அகத்தியை நெருக்கமாக வளர்த்து, அதன் மேல் கொடியைக் கட்டி ஏற்றுவார்கள். ஆனால் அந்த நிழலை அவர்கள் சும்மா விடுவதில்லை. அகத்தி அடர்ந்துவிட்டால் பக்கக் கிளைகளைக் கழித்து வெளிச்சம் இறக்குவார்கள். கழித்த தழை ஆட்டுக்குப் போகும். பாத்திக்குப் பாத்தி வாய்க்கால் வெட்டித் தண்ணீர் தேங்காமல் பார்ப்பார்கள். தேங்கினால் கொடியின் அடி அழுகி வாடல் நோய் தோட்டத்தையே கொண்டுபோகும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஈரம் காற்றில் இருக்க வேண்டும், வேரடியில் தேங்கக் கூடாது. நிழல் வேண்டும், இருட்டு கூடாது. குளியலறைச் செடிக்கான பாடம் முழுவதும் இந்த இரண்டில் அடங்கிவிடுகிறது. பாஸ்டனிலிருந்து பட்டியல் வரவழைக்க வேண்டியதில்லை.

இனிச் செடிகள். மங்கலான வெளிச்சத்துக்கு உலகம் முழுக்கச் சிபாரிசு செய்யப்படும் செடிகளை எடுத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். மணி பிளான்ட், ஜீஜீ, அக்லோனிமா, பீஸ் லில்லி, சிங்கோனியம், ஃபிலோடென்ட்ரான் எல்லாம் சேம்புக் குடும்பம். நம் கருணைக்கிழங்குக்கும் சேனைக்கும் ஒன்றுவிட்ட உறவுகள். பெரும்பாலானவை வெப்பக்காடுகளில் பெரிய மரங்களுக்கு அடியில் கிடைக்கும் துண்டு வெளிச்சத்தில் வாழப் பழகியவை. புறக்கடைத் தூம்பு ஓரத்தில் பாட்டி நட்ட குடும்பமே டைல்ஸ் அறைக்குள் வேறு முகத்தோடு வருகிறது. இவற்றில் பலவற்றுக்குக் குளிர் ஆகாது. 12, 15 பாகைக்குக் கீழே போனால் அக்லோனிமாவின் இலை கருகும். அந்தக் கவலை நம் சமவெளியில் இல்லை. இந்த ஒன்றில் லண்டன்காரரைவிட நமக்கு வசதி அதிகம்.

முதலிடம் மணி பிளான்ட்டுக்குத்தான். பசிபிக் கடலில் மூரேயா என்ற தீவிலிருந்து கிளம்பி உலகம் முழுவதும் பரவிய கொடி. வெறும் தண்ணீர்ப் பாட்டிலிலும் வேர்விடும், உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும், கொடியைக் கிள்ளி நட்டால் அடுத்த செடி. திருடி நட்டால்தான் காசு சேரும் என்ற நம்பிக்கை வேறு அதைத் தெருத்தெருவாகப் பரப்பிவிட்டது. வெளிச்சம் குறைந்தால் இலையின் மஞ்சள் கோடுகள் மறைந்து முழுப்பச்சையாகும்; கணுவுக்குக் கணு இடைவெளி நீளும். அதுதான் இடத்தை மாற்றச் சொல்லி அது கொடுக்கும் அறிகுறி.

அடுத்து ஜீஜீ. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1990களின் பிற்பகுதியில் நெதர்லாந்து நர்சரிகள் பெருமளவில் பெருக்கி விற்கத் தொடங்கிய பிறகே உலகச் சந்தைக்கு வந்தது. மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போலக் கிழங்கு வைத்துத் தண்ணீரைச் சேமிக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் போதும், மறந்துவிட்டால் இன்னும் நல்லது. ஈரம் அதற்குத் தேவையில்லை, பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பாம்புச் செடியும் அப்படியே. அதன் உள்ளூர் உறவான மரல் நம் வறண்ட கரடுகளில் தானாக முளைக்கும்; அதன் நாரில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். வறட்சிக்குப் பிறந்த செடியைக் கொண்டுபோய் ஈர அறையில் வைக்கிறோம் என்ற நினைவு இருந்தால் தண்ணீர் ஊற்றும் கை கொஞ்சம் தயங்கும்.

அக்லோனிமாவில் முழுப்பச்சையும் வெள்ளிப்பச்சையும் மங்கலில் நிற்கும். சிவப்பு, இளஞ்சிவப்பு வகைகளுக்கு அதைவிட வெளிச்சம் வேண்டும். விலையும் கூடுதல், ஏமாற்றமும் கூடுதல். பீஸ் லில்லி ஈரத்தை நிஜமாகவே விரும்பும் செடி. தண்ணீர் குறைந்தால் மொத்தமாகத் தலை தொங்கிவிடும், ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிரும். புதிதாக வளர்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஆனால் அந்த வெள்ளைப் பூவுக்காக வாங்காதீர்கள். வணிக நர்சரிகளில் ஜிப்ரெல்லிக் அமிலம் தெளித்துப் பூக்க வைத்து அனுப்புவது உலகெங்கும் நடைமுறை. இருட்டுக் குளியலறையில் அந்தப் பூ திரும்ப வராது.

கலாத்தியாவும் ஐவியும் நம் சமவெளிக்கு வேண்டாம். முன்னது உப்புத் தண்ணீரில் ஓரம் கருகும், பின்னது கோடை வெப்பத்தில் போய்விடும். ஆர்க்கிட் விரும்புவோர் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963இல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் தோட்டத்தை ஒருமுறை போய்ப் பார்க்கலாம். அவற்றில் பல மரக்கிளையில் தொற்றிக் காற்றும் வெளிச்சமும் வாங்கி வாழ்பவை என்பது அங்கே தெரியும். பெட்டி போன்ற அறைக்குள் அவை பூப்பது அரிது.

பெரணிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஈர அறைக்கான செடி என்றதும் முதலில் நினைவுக்கு வருபவை அவைதான். 1829இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் பாக்ஷா வார்டு, பூச்சிக்கூடு ஒன்றைக் கண்ணாடிக் குப்பியில் ஈரமண்ணோடு மூடி வைத்தார். பூச்சிக்கு என்ன ஆனதோ, மூடிய குப்பிக்குள் பெரணி முளைத்தது. நகரத்துப் புகையில் செத்துக்கொண்டிருந்த அவருடைய பெரணிகள் மூடிய ஈரக் கண்ணாடிக்குள் பிழைத்தன. அதிலிருந்து பிறந்த வார்டு பெட்டிகளில் வைத்துத்தான் 1860களில் சிங்கோனாக் கன்றுகள் கடல் கடந்து நீலகிரிக்கு வந்தன. அது கண்ணாடிப் பெட்டி என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஈரம் மட்டுமல்ல, நாலாபக்கமும் வெளிச்சமும் அதற்குள் இருந்தது.

ஏற்காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு ஒரு ஃபெர்ன் தொட்டியோடு இறங்குவது சேலத்துக்காரர்களின் வழக்கம். 1,500 மீட்டர் உயரத்துக் குளுமையில் வளர்ந்தது, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கியதும் 38 பாகையைச் சந்திக்கிறது. ஒரு மாதத்தில் தொட்டி நிறைய பழுப்புச் சருகுதான் மிஞ்சும். ஆடியிலிருந்து கார்த்திகைக்குள் வாங்கினால் அடுத்த கோடைக்குள் பழகிக்கொள்ள அதற்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அப்போதும் வெளிச்சமுள்ள குளியலறையாக இருக்க வேண்டும். இதைவிட நம் ஊர்ப் பழைய கிணற்றுச் சுவரைக் கவனிக்கலாம். நீர் கசியும் செங்கல் இடுக்குகளிலும் சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடங்களிலும் சீப்பு மாதிரி இலை வைத்த பெரணி ஒன்று வளர்ந்திருக்கும். தாவரவியலில் டெரிஸ் விட்டேட்டா. சுண்ணாம்பு அதற்குப் பிடிக்கும் என்பதால் நம் போர் தண்ணீரும் அதற்கு ஒத்துப்போகும். மண்ணிலுள்ள ஆர்செனிக்கை உறிஞ்சி இலையில் சேர்க்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்று 2001இல் கண்டறிந்தார்கள். நர்சரியில் கிடைக்காது, இடிபாட்டுச் சுவரில் முளைத்த கன்றைப் பக்குவமாக எடுத்துத் தொட்டியில் வைத்தால், பெரிய ஜன்னலுள்ள குளியலறையில் வரும்.

தண்ணீர்தான் நம் வட்டாரத்தின் தனிப் பிரச்சினை. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்பைத் தாண்டும் இடங்கள் உண்டு. ட்ரசீனா, லக்கி பேம்பூ, ஸ்பைடர் பிளான்ட் மூன்றும் ஃபுளூரைடைத் தாங்காதவை. இலை நுனி முதலில் வெளிறும், பிறகு காய்ந்து பழுப்பாகும், பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள், கருகல் இன்னும் ஏறும். கொதிக்க வைத்தாலும் இரவு முழுக்க வைத்திருந்தாலும் ஃபுளூரைடு போகாது, குளோரின்தான் போகும். காவிரித் தண்ணீர் குழாயில் வரும் வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. மற்றவர்கள் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம், உப்பே இருக்காது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழாய் இன்னும் உடையாமல் இருந்தால் அந்தத் தண்ணீர் அதைவிட நல்லது. ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவுநீரை மட்டும் சிக்கனம் என்று செடிக்கு ஊற்றாதீர்கள். அதில் உப்பு செறிவாக இருக்கும்.

மண்ணைப் பொறுத்தவரை, நர்சரித் தொட்டிகளில் கோகோபீட் அதிகம். வெயிலில் அது வரம். இருட்டில் பத்து நாளானாலும் காயாது, குட்டிக் கறுப்பு ஈக்களும் மொய்க்கும். செம்மண்ணோடு ஆற்றுமணலும் உடைத்த அடுப்புக்கரியும் கலந்து கோகோபீட்டைக் கால் பங்குக்குள் நிறுத்தலாம். அடியில் ஓட்டையில்லாத பீங்கான் தொட்டி வேண்டவே வேண்டாம். நாமக்கல் பக்கம் கோழி எரு எளிதில் கிடைக்கிறது என்பதற்காக அதைக் குளியலறைத் தொட்டியில் போடுபவர்கள் உண்டு. மட்காத கோழி எரு சூடு; வேரைக் கருக்கும், மூடிய அறையில் அம்மோனியா நாற்றமும் சேரும். மங்கலில் மெதுவாக வளரும் செடிக்கு உரமே அபூர்வமாகத்தான் தேவை.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்பதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். 1989இல் நாசாவுக்காக வுல்வர்ட்டன் என்ற விஞ்ஞானி செய்த சோதனை இறுக மூடிய சிறு அறைக்குள் நடந்தது. பழைய சோதனைகள் பலவற்றை ஒன்றாக வைத்து மறுபடி கணக்கிட்ட ட்ரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வு 2019இல் வந்தது. ஜன்னல் வழியாகத் தானாக நடக்கும் காற்று மாற்றத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி வேண்டும் என்றது அது. மேல்வரம்பாகச் சொன்னது 1,000 செடி. லூவரைத் திறந்து வைப்பது செலவில்லாத வழி. பாம்புச் செடி இரவில் ஆக்சிஜன் விடும் என்பதும் சரியல்ல. அது இரவில் கரியமில வாயுவை உள்ளே எடுத்துக்கொள்ளும்; ஆக்சிஜன் வெளிவர வெளிச்சம் வேண்டும்.

இருட்டுக்கு மாற்று இரண்டு. ஒன்று, 9 வாட் எல்.இ.டி. பல்பைச் செடிக்கு ஓரடி உயரத்தில் தொங்கவிடுவது. அங்கே ஏறத்தாழ 1,000 லக்ஸ் கிடைக்கும். ஒரு மீட்டர் தள்ளினால் 100 ஆகிவிடும் என்பதால் கூரை விளக்கால் பயனில்லை. நாளுக்குப் பத்து மணி நேரம் எரித்தாலும் இரண்டு மாதத்துக்கு ஐந்தரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். தண்ணீர் தெறிக்காத இடத்தில் ஒயரிங் இருக்க வேண்டும், அது முக்கியம். இரண்டாவது வழி, ஒரே மாதிரி இரண்டு தொட்டி வாங்கி, ஒன்று குளியலறையில் இருக்கும்போது மற்றதை வராண்டா நிழலில் வைத்து, பதினைந்து நாளுக்கொருமுறை மாற்றுவது. என்னைக் கேட்டால் இதுதான் மேல். வெளியே எடுத்த தொட்டியை நேரே வெயிலில் வைத்தால் மட்டும் இலை வெந்துவிடும்.

பாட்டிலில் வளர்க்கும் மணி பிளான்ட்டின் தண்ணீரையும், தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தேங்கும் தண்ணீரையும் வாரம் ஒருமுறை கொட்டிவிட வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழிலிருந்து பத்து நாள் போதும். டெங்கு மாதங்களில் வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்கள் முதலில் பார்ப்பதும் இந்தத் தட்டைத்தான். தவழும் குழந்தையும் பூனையும் உள்ள வீடுகளில் சேம்புக் குடும்பச் செடிகளை எட்டாத உயரத்தில் வையுங்கள். கருணைக்கிழங்கு நாக்கை அரிக்கும் அதே ஊசிப்படிகங்கள் இவற்றின் இலையிலும் இருக்கின்றன, டிஃபன்பேக்கியாவில் அதிகம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் முடவாட்டுக்கால் சூப் குடிப்பவர்கள், அந்தக் கிழங்கு பாறையிலும் மரத்திலும் தொற்றி வளரும் ஒரு பெரணியினுடையது என்று தெரிந்ததும் வீட்டுக்கு ஒன்று கொண்டுபோகலாமே என்று நினைப்பதுண்டு. கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மழைக்குத் துளிர்க்கும் செடி அது. காற்றும் பருவமும் இல்லாத குளியலறை அதற்குச் சரிப்படாது. காப்புக்காட்டிலிருந்து செடியைப் பெயர்ப்பது 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமும் ஆகும். அதை மலையிலேயே விட்டுவிடுங்கள். உங்கள் குளியலறையில் நிழல் சோதனை தேறினால் பக்கத்து வீட்டில் ஒரு முழம் மணி பிளான்ட் கேட்டு வாங்குங்கள், திருட வேண்டாம். தேறாவிட்டால் குளியலறைத் தண்ணீர் வெளியே வரும் இடத்தில் ஒரு சேம்பும் ஒரு கல்வாழையும் நட்டுவிடுங்கள். அங்கே அவை தவறாமல் வரும்.